கடனைக் கொடை என்பதா?

ஒருவன் பிறனுடைய வீட்டுக் கூரையைப் பிரித்து விற்றான். விற்ற பணத்தில் நூற்றுக்கு இரண்டு காசை எடுத்து, கூரையிழந்தவனுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தான். கொடுத்த குடையின்மேல் தன் பெயரையும் பெரிதாகப் பொறித்துக்கொண்டான். ஊரார் அவனை வள்ளல் என்று போற்றுவரா, கள்வன் என்று தூற்றுவரா? கூரையிழந்தவன் அக்குடையை ஏந்தி நன்றிப்பா பாடுதல் வேண்டும் என்று எவனேனும் சொன்னால், மானமுள்ளவர் அவனை மதிப்பரா? ஆயினும், கடலூர் மாவட்டத்து மண்ணிலும் நீரிலும் காற்றிலும் இம்முறைகேடே அறம் என்னும் பெயர் தாங்கி நடந்து வருகின்றது!

இந்திய நாடாளுமன்றம் 2013-இல் இயற்றிய நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெருநிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டு ஈட்டத்தை நிரவிக் கணக்கிட்டு, அதில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கின்றது. 500 கோடி உருபா சொத்து மதிப்போ, 1,000 கோடி உருபா விற்றுமுதலோ, 5 கோடி உருபா ஈட்டமோ உடைய நிறுவனங்கள் அதற்குட்பட்டவை. 2014 ஏப்பிரல் முதல்நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குச் ‘சமூகப் பொறுப்பு’ என்று பெயரிட்டனர்.

பெயரிலேயே பிழை தொடங்கிவிட்டது. தமிழ் இவ்விடத்தில் மயக்கமில்லாத மொழி. தரவேண்டியதைத் தருவது கடன். கெடுத்ததற்கு ஈடுசெய்வது இழப்பீடு. இல்லாதவனுக்கு இரங்கித் தருவது ஈகை. ஊரோடு வாழ்பவன் ஊருக்குப் பயன்பட வாழ்வது ஒப்புரவு. திருவள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் வேறு வேறாக வகுத்து, ஒப்புரவை முன்னும் ஈகையைப் பின்னும் வைத்தார். வகுத்தவன் அறிஞன், குழப்பியவன் வாணிகன். கடனையும் இழப்பீட்டையும் ஈகை என்னும் ஒரே மூட்டைக்குள் போட்டுக் கட்டிய பின், கடன்பட்டவன் கொடையாளி ஆகிவிடுகின்றான். கடன் கொடுத்தவன் இரவலன் ஆகிவிடுகின்றான். சொற்பிறழ்ச்சி இவ்வாறே வாழ்க்கைப் பிறழ்ச்சியாக முடிகின்றது.

நெய்வேலி கொடுத்தது என்ன? பெற்றது என்ன?

1930-களில் சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீரோடு கரியநிறப் பொருளொன்று மேலே வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. நாட்டுக்குப் பயன்படட்டும் என்று அவர் தம் நிலத்தையே வழங்கினார். அதுதான் ஒப்புரவு! 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. 1957 மே 20-இல் தலைமையமைச்சர் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கி வைத்தார். செருமானியப் பொறிகள் மண்ணை அகழ்ந்தன. உருசியப் பொறிகள் மின்னை ஆக்கின. தமிழன் நிலத்தைக் கொடுத்தான், உழைப்பையும் கொடுத்தான்.

அகழ்வு முறையை அறிந்தால்தான் அக்கொடையின் பேரளவு விளங்கும். அங்குச் சுரங்கம் என்பது குகை அன்று, திறந்த பெரும்பள்ளம். ஒரு தொன் நிலக்கரியை எடுப்பதற்கு ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மேல்மண்ணை வாரிக் கொட்ட வேண்டும். ஊரும் வயலும் குளமும் கோயிலும் இடுகாடும் அம்மேல்மண்ணோடு சேர்ந்தவையே. நிலக்கரிப் படிவத்தின் அடியிலோ பேரழுத்தத்தோடு நிலத்தடி நீர் தேங்கியுள்ளது. அவ்வழுத்தம் குறையாவிடின் நீர் பீறிட்டுப் பள்ளத்தை மூழ்கடிக்கும். ஆகவே இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றனர். முன்பு தானே பொங்கி எழுந்த ஊற்றுநீரைச் சுற்றுப்புறத்து உழவன் இன்று பாதாளத்திலே தேடுகின்றான். நிலக்கரிக்கு எடைபோட்டு உரிமைத்தொகை வாங்கும் அரசுகள் அவன் இழந்த நீருக்கு எந்தத் தராசில் எடைபோட்டன?

2023 சூலை 26-இல் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நடந்ததைத் தமிழகமே கண்டது. பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, பச்சைப் பயிர் நின்ற நெல்வயலுக்குள் மண்வாரிப் பொறிகள் இறக்கப்பட்டன. காவல்துறையினர் சூழ நின்றனர். நிலம் முன்பே கையகப்படுத்தப்பெற்றது, தொகையும் தரப்பட்டது, கால்வாய் வெட்டாவிடின் சுரங்கத்தில் வெள்ளம் புகும் என்பது நிறுவனத்தார் கூற்று. இருக்கட்டும். நிலம் தாளில் கைமாறியிருக்கலாம். கதிர்விட இருந்த பயிர் தாளில் முளைத்ததா? அறுவடை வரை, ஓரிரு மாதம் பொறுத்திருக்கலாகாதா என்று சென்னை உயர்முறைமன்றமே வினவியது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 உருபா இழப்பீடு தரச் செய்தது. ஆங்கிருந்து எட்டிப் பார்க்கும் தொலைவிலேதான் வடலூர் இருக்கின்றது. பயிர் வாடப் பொறாத வள்ளலார் 1867-இல் மூட்டிய அறச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அந்த அடுப்பின் அருகிலேயே விளைந்த நெல்லை மண்ணோடு மண்ணாக்கினர்!

தராசைப் பிடித்த கை

நிறுவனம் ஒரு தட்டு. மக்கள் ஒரு தட்டு. அரசு நடுவே நின்று தராசைப் பிடிக்கும் கை. இதுவே நடுநிலையாட்சி என்று ஏடுகள் சொல்கின்றன. நெய்வேலியில் நடப்பது அதுவன்று. நிறுவனத்தின் பெரும்பங்குக்கு உடைமையாளர் தில்லி அரசு. சுற்றுச்சூழல் இசைவு தருவதும் தில்லி அரசு. நிலக்கரிக்கு எவ்வளவு உரிமைத்தொகை என்று வரையறுப்பதும் 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் வழியாக அதே தில்லி அரசு. தட்டில் ஏறி அமர்ந்தவனே தராசையும் பிடித்தால் முள் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அவ்வுடைமையாளர் அவ்வுடைமையையாவது பேணினாரா? 2006-இல் நெய்வேலிப் பங்குகளில் நூற்றுக்குப் பத்தை விற்க முனைந்தனர். தொழிலாளர் கொதித்தெழுந்தனர், தமிழகத்தின் எதிர்ப்பால் அம்முயற்சி நின்றது. 2013-இல் மீண்டும் விற்கக் கிளம்பினர். அயலார் கைக்குப் போகாமல் காக்கும்பொருட்டுத் தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள் நூற்றுக்கு 3.56 பங்கை ஏறத்தாழ 358 கோடி உருபா கொடுத்து வாங்கின. எண்ணிப் பாருங்கள்! தமிழன் மண்ணில், தமிழன் கொடுத்த நிலத்தில், தமிழன் அகழ்ந்த கரியில், ஒரு சிறு பங்கைத் தமிழன் விலைகொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. இதற்குப் பெயர் கூட்டாட்சியாம்!

2016-இல் இன்னொன்றும் நடந்தது. நிறுவனத்தின் பெயர் ‘என்.எல்.சி. இந்தியா’ என்று மாற்றப்பட்டது. நெய்வேலி என்னும் ஊர்ப்பெயர் ஓர் ஆங்கில எழுத்தாய்ச் சுருங்கிற்று. அருகில் ‘இந்தியா’ முழுமையாய் நிமிர்ந்து நின்றது. பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்பார்க்கு விடை 2022-இல் கிடைத்தது. அவ்வாண்டில் அனைத்திந்தியத் தேர்வு மதிப்பெண்ணின் வழியாகப் பயிற்சிப் பொறியாளர் பணிக்கு 299 பேர் பட்டியலிடப்பட்டபோது, அதில் தமிழர்க்கு இடமில்லாமற் போயிற்று என்று தமிழகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. ஊர்ப்பெயர் போன வழியே ஊரார் வேலையும் போகும். தமிழர்க்கு எஞ்சுவது ஒப்பந்தக் கூலியும் கொதிகலன் நெருப்புமே. 2020 மே மாதத்திலும் சூலை முதல்நாளிலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தன. பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர்.

தில்லியை மட்டும் குறைகூறிச் சென்னையை விட்டுவிடுதல் நடுவுநிலைமை ஆகாது. நிலங்கையகப்படுத்தலுக்கான 2013-ஆம் ஆண்டு நடுவண் சட்டம், நிலம் எடுக்குமுன் குமுகாயத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்றது. தமிழக அரசோ தன் 1997-ஆம் ஆண்டுத் தொழில்நிலச் சட்டத்தை அக்கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019-இல் சென்னை உயர்முறைமன்றம் அவ்விலக்கு செல்லாது என்றது. உடனே அரசு மறுசட்டம் இயற்றி அதற்கு உயிர் கொடுத்தது. 2021-இல் உச்சமுறைமன்றமும் அதை ஏற்றது. உழவனுக்குக் கிடைத்த ஒரு சிறு கேடயத்தைப் பறித்தவர் தமிழ் பேசும் அமைச்சர்களே. ஆட்சியிலிருந்த கட்சி மாறியது. பறித்த கை மாறவில்லை.

மக்கள் அளந்த காற்று

கடலூர்ச் செம்மண்டலத்திலிருந்து தெற்கு நோக்கி, கெடிலத்தைக் கடந்து சிதம்பரஞ்செல்லும் சாலையில் போவோர், பச்சையாங்குப்பம், குடிகாடு, செம்மங்குப்பம் வழியாகச் செல்கையில் மூக்கைப் பொத்திக்கொள்வர். அங்கே தில்லியின் நிறுவனம் இல்லை. தமிழக அரசே அமைத்த தொழிற்பேட்டை இருக்கின்றது. அரசின் அத்தொழிற்கழகம் ஊரார் வாயில் ‘சிப்காட்’. தமிழ்நாட்டரசின் கழகத்துக்கும் ஆங்கில முதலெழுத்துகளின் கூட்டே பெயர்! 1980-களிலிருந்து அங்கே மருந்தாலைகளும் சாய ஆலைகளும் பூச்சிக்கொல்லி ஆலைகளும் எழும்பின. ஒருபுறம் உப்பனாறு, மறுபுறம் ஊர்கள். நிலத்தை அரசு கொடுத்தது; ஆலையை அரசு அழைத்தது; காற்றை அளக்க வேண்டிய மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் அதே அரசின் வாரியம். தில்லி செய்த பிழையைச் சென்னை சிறிய அளவில் படியெடுத்தது.

நெடி அடிக்கின்றது என்று ஊரார் முறையிட்டபோதெல்லாம் சான்று எங்கே என்று கேட்டனர். 2004-இல் ஊராரே சான்று திரட்டினர். ‘சிப்காட் பகுதிச் சுற்றுச்சூழல் கண்காணிப்போர்’ என்று கூடிய அச்சிற்றூர் மக்கள், வாளியில் பைபொருத்திக் காற்றைப் பிடிக்கும் எளிய முறையைக் கற்றனர். பிடித்த காற்று அமெரிக்க ஆய்வகத்துக்குச் சென்றது. இருபதுக்கு மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்களும், அவற்றுள் புற்றுநோய் விளைக்கும் எட்டும் அதில் இருந்தன. அவ்வாண்டிலேயே உச்சமுறைமன்றத்தின் கண்காணிப்புக் குழுவும் வந்து பார்த்து, ஞால அளவிலான நச்சுக்களம் இது என்று கடிந்தது. பின்னர் நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து, அங்கு வாழ்வார்க்கு நச்சுக்காற்றினால் வாழ்நாளிற் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2,000 மடங்கு மிகும் என்று 2008-இல் அறிக்கை தந்தது. அதன் பிறகும் 2021 மே 13-இல் அங்குள்ள பூச்சிக்கொல்லி ஆலையொன்றில் கொதிகலன் வெடித்து நால்வர் மாண்டனர்.

இதில் கற்கவேண்டிய பாடம் ஒன்றே. வல்லுநர் வந்தது பின்னர். வாரியம் விழித்தது பின்னர். முதலில் அளந்தவர் ஊரார். அவர் தம் மூக்கையும் ஒரு வாளியையும் கொண்டு, ஓர் அரசு செய்யத் தவறியதைச் செய்தனர். தராசைப் பிடிக்கும் தகுதி மக்களுக்கு இல்லை என்பார்க்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டுமா?

இரண்டு விழுக்காட்டு மாயம்

இவ்வளவு கடனுக்கும் எதிரே வைக்கப்படுவதுதான் அந்த நூற்றுக்கு இரண்டு. சுரங்கத்திலிருந்து வெளியேறிய வண்டலால் வாலாசா ஏரி தூர்ந்தது. பின்னர் அவ்வேரி தூர்வாரப்பட்டது. அது நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பணி என்று புகழப்பட்டது. தூர்த்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்பாரில்லை, வாரியதற்குப் பாராட்டு! 2023 ஆகத்தில் பூவுலகின் நண்பர்களும் மந்தன் ஆய்வு நடுவமும் வெளியிட்ட அறிக்கை, வடக்குவெள்ளூர் நீரில் பாதரசம் ஏற்கத்தக்க அளவினும் 250 மடங்கு மிகுந்திருந்ததாகக் காட்டிற்று. அந்த நீரைக் குடிக்கும் ஊருக்கு ஒரு குடிநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தால் அது ஈகையா, இழப்பீடா?

அவ்விரண்டு பங்கும் எங்கே போகலாம் என்பதிலும் சூழ்ச்சி உண்டு. மகுடை நோய் பரவிய 2020-இல், தலைமையமைச்சர் பெயரிலான ‘பி.எம். கேர்சு’ நிதிக்குத் தரும் தொகை இக்கணக்கில் சேரும் என்று நடுவண் அரசு அறிவித்தது. மாநில முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் தருவது சேராது என்று ஏப்பிரல் 10-இல் விளக்கமும் தந்தது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தருவதை மட்டும் விட்டுவைத்தது. கடலூர் மண்ணில் ஈட்டிய பணம் தில்லிக்குப் போனால் அறம். சென்னையில் முதலமைச்சர் நிதிக்குப் போனால் அறமன்று! அறத்துக்கும் எல்லைக்கோடு கிழித்தவரைத் தமிழகம் அன்றுதான் கண்டது.

மொழிப்பறியும் மண்பறியும்

மொழி வேறு, பொருளியல் வேறு என்று நினைப்போர் ஒன்றை எண்ணுக. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, ஒரு சுரங்கமோ ஆலையோ வருமுன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். ஆயின் மக்கள்மொழியில் தரவேண்டியது அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. பல நூறு பக்க அறிக்கை ஆங்கிலத்தில் கிடக்கும். நிலமிழப்பவன் கையில் சில பக்கத் தமிழ் இருக்கும். எத்தனை அடி ஆழத்தில் தன் நீர் போகும் என்று ஆங்கிலப் பக்கம் சொல்லும். எத்தனை பேருக்கு வேலை வரும் என்று தமிழ்ப்பக்கம் சொல்லும். 2020-இல் புதிய வரைவு அறிவிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டுக் கருத்துக் கேட்டனர். எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுக என்று தில்லி உயர்முறைமன்றம் ஆணையிட்டபோது, அதைச் செய்யாமல் நடுவண் அரசு உச்சமுறைமன்றத்துக்கு ஓடிற்று. மொழியைப் பறித்தவனுக்கு மண்ணைப் பறிப்பது எளிது. கையெழுத்திடுபவனுக்கு எழுத்தே விளங்காதன்றோ!

செருமனியின் கிழக்கே இலுசாத்தியாவில் சோர்பியர் என்னும் சிறிய மொழியினம் வாழ்கின்றது. அவர் நிலத்தடியிலும் பழுப்பு நிலக்கரியே. கடந்த நூறாண்டில் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களைச் சுரங்கம் விழுங்கிற்று. ஊர் சிதறியபோது மொழியும் சிதறிற்று. தாய்மொழியில் பேச அண்டைவீட்டான் இல்லாமற் போனான். ஊர் என்பது மொழி உறையும் கூடு. நெய்வேலிப் பள்ளத்துள் மறைந்த ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு தமிழ்ச்சொல் என்பதைத் தமிழறிந்தார் மறக்கலாகாது.

மின்சாரம் வேண்டாமா, வேலை வேண்டாமா, கற்காலத்துக்கே திரும்புவதா என்று வாணிகர் கேட்பர். மின்சாரம் வேண்டும், வேலையும் வேண்டும். எவரும் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. நெய்வேலி மின்சாரம் தென்மாநிலங்கள் பலவற்றுக்கும் போகின்றது. பெறுவோர்மேல் தமிழர்க்குப் பகையில்லை. விளக்கு எல்லார் வீட்டிலும் எரிய, புகை மட்டும் ஓரூரார் நெஞ்சில் தங்குவது முறையா என்பதே கேள்வி. அதே செருமனி 2020-இல் சட்டமியற்றி, 2038-க்குள் நிலக்கரி மின்னாக்கத்தை நிறுத்தவும், நிலக்கரிப் பகுதிகளின் மறுவாழ்வுக்கு 4,000 கோடி யூரோ வரை தரவும் உறுதிகொண்டது. அது நிறுவனத்தார் மனமிரங்கித் தந்த கொடையன்று. சட்டம் வகுத்த கடன். அங்கே கடன் எனப்படுவது இங்கே மட்டும் கருணை ஆவது எங்ஙனம்?

மக்கள் நிமிர்ந்தால் தில்லி பணியும் என்பதற்கும் சான்று உண்டு. 2020-இல் தமிழகச் சட்டமன்றம் காவிரிப் படுகையைக் காப்பான வேளாண் மண்டலமாக்கியது. கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்களும் அதில் அடங்கின. 2023-இல் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி நிலக்கரிப் பகுதிகளை நடுவண் அரசு ஏலப்பட்டியலில் சேர்த்தது. உழவரும் கட்சிகளும் அரசும் ஒரே குரலில் மறுத்தனர். பத்து நாளளவில் அம்மூன்றும் நீக்கப்பட்டன. 2024 சூலையில், கனிமநிலத்துக்கு வரிவிதிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று உச்சமுறைமன்றத்தின் ஒன்பது நடுவர் ஆயம் தீர்ப்பளித்தது; தமிழகமும் அதற்கெனச் சட்டம் இயற்றியது. அவ்வரிப்பணம் சென்னைக் கருவூலத்தோடு நின்றுவிடாமல் கரி எடுத்த ஊருக்குத் திரும்பினால்தான் அவ்வெற்றி முழுமையாகும்.

ஆகவே தமிழ்மக்கள் கேட்க வேண்டியது கொடையன்று, கணக்கு. கெடுத்ததைச் சீர்செய்யும் செலவை நூற்றுக்கு இரண்டில் சேர்க்கலாகாது. அது இழப்பீட்டுக் கணக்கு. அவ்விரண்டு பங்கும் பாழ்பட்ட ஊர்களில், ஊர்மன்றத்தின் முடிவின்படி செலவாதல் வேண்டும். காற்றையும் நீரையும் அளக்கும் குழுவில் ஊரார் பாதிப்பேர் இருத்தல் வேண்டும். அளந்த எண்கள் நாடோறும் ஊர்மன்றப் பலகையில் தமிழில் எழுதப்படல் வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கை முழுவதும் தமிழில் வராத எத்திட்டத்துக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவே விடலாகாது. நிலங்கொடுத்தோர் வழியினர்க்கு நிலையான வேலை வேண்டும். நெய்வேலியின் பெயர் நெய்வேலி நிறுவனத்துக்கே திரும்ப வேண்டும்.

தமிழர்காள்! வாணிகன் வணிகம் செய்யட்டும், அரசு ஆளட்டும், தராசு மட்டும் மக்கள் கைக்கு வரட்டும். குடை கொடுத்தவனுக்குப் பாட்டுப் பாடியது போதும். கூரை எங்கே என்று கேளுங்கள்! ஊர்மன்றந்தோறும் கேளுங்கள்! கேட்பதைத் தமிழிற் கேளுங்கள். விடையையும் தமிழிலேயே பெறுங்கள்!